ஏஜென்டுகளுக்கு இடையே போனஸ்: கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ஒரு வீடு பல மாதமாக விற்காமல் நிற்கிறது. விற்பவர் தரப்பு ஏஜென்ட் மற்ற ஏஜென்டுகளுக்கு ஒரு செய்தி அனுப்புகிறார்: "இந்த மாதத்துக்குள் பார்ட்டி கொண்டுவந்தால் வழக்கமான கமிஷனுக்கு மேல் 50,000." இப்படி அனுப்புவதில் தப்பில்லை. படித்த ஏஜென்ட் அடுத்த அரை மணி நேரத்தில் யாரிடம் என்ன சொல்கிறார் என்பதை வைத்துத்தான் அந்தப் பணம் நல்ல பணமா, வில்லங்கமா என்று முடிவாகிறது.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள்தான். அவர்கள் சறுக்குவது வரிசையில். போனஸைப் பற்றிப் பார்ட்டியிடம், அதாவது தாங்கள் யாருக்காக வேலை செய்கிறார்களோ அவரிடம், சொல்கிறார்கள். ஆனால் அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொல்கிறார்கள். எழுதி வாங்குகிறார்கள், ஆனால் தொகை எதன் மேல் என்று எழுதாமல் விடுகிறார்கள். அதனால்தான் இங்கே ஒவ்வொரு படியும் அந்தந்த இடத்தில் ஏன் வர வேண்டும் என்று காரணத்தோடு வருகிறது.

கணக்குகளுக்கு ஒரே உதாரணம்: வீட்டு விலை 80,00,000. உங்கள் கமிஷன் 2 சதவீதம், அதாவது 1,60,000. போனஸ் 50,000. நாணயம் எதுவானாலும் கணக்கு மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், உங்கள் பார்ட்டியோடு போட்ட ஏஜென்சி ஒப்பந்தம். வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் போனஸ் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு ஒப்பந்தத்தை எழுதுங்கள். அடிப்படைக் கமிஷன் எவ்வளவு என்றே எழுத்தில் இல்லாதபோது "அதற்கு மேல்" என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது.

அந்த ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: கமிஷன் எவ்வளவு, வேறு தரப்பிடமிருந்தும் பணம் பெறலாமா, மொத்தத்துக்கு உச்சவரம்பு உண்டா. மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஏஜென்டுகளின் சங்கமான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் ஒரு வழக்கில் சமரசம் செய்துகொண்டதை அடுத்து 2024 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறை மாறியது. வாங்குபவரோடு வேலை செய்யும் ஏஜென்ட் வீட்டைக் காட்டும் முன்பே எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும்; அதில் குறித்த தொகைக்கு மேல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வாங்கக் கூடாது. அந்த விதியின் கீழ் வேலை செய்பவருக்கு, ஒப்பந்தத் தொகையைத் தாண்டும் போனஸ், கொடுப்பவர் எவ்வளவு மனதாரக் கொடுத்தாலும், தன்னுடையது இல்லை.

இரண்டாவது, பதிவு அல்லது உரிமம். உங்களுடையது மட்டும் போதாது, எதிர்த்தரப்பு ஏஜென்டுடையதும் வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 9ஆவது பிரிவில், அந்தச் சட்டப்படி பதிவான திட்டங்களில் விற்க, வாங்க உதவும் ஏஜென்டுக்குப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. 10ஆவது பிரிவு கணக்குப் புத்தகங்களைப் பராமரிக்கச் சொல்கிறது. பதிவில்லாத ஒருவருக்குக் கமிஷனில் பங்கு கொடுத்தால், கொடுத்தவர்தான் முதலில் மாட்டுவார்.

மூன்றாவது, நீங்கள் ஒரு நிறுவனத்தின் கீழ் வேலை செய்தால் அதன் விதி. அமெரிக்க மாநிலங்களின் உரிமச் சட்டங்களில் விற்பனை ஏஜென்ட் தன் புரோக்கர், அதாவது தனக்கு மேல் பொறுப்பில் இருக்கும் உரிமம் பெற்றவர், வழியாகத்தான் பணம் பெற முடியும். நேரடியாகக் கையில் வாங்க முடியாது. அப்படிச் சட்டம் இல்லாத ஊரிலும் அதைப் பின்பற்றுவது நல்லது. காரணம் 8ஆவது படியில் வருகிறது.

2. நீங்கள் யாருடைய ஆள் என்று முடிவு செய்யுங்கள்

"நான் யாருடைய ஆளும் இல்லை, நடுவில் நிற்பவன்" என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் வசனம். ஆனால் யாரிடம் "நான் பேசி முடித்துத் தருகிறேன், கவலைப்படாதீர்கள்" என்று சொன்னீர்களோ, அவருடைய ஆள் நீங்கள். கமிஷன் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது மாறாது.

இதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டியதற்குக் காரணம், ஒரே 50,000 மூன்று நிலையில் மூன்று விதமாக மாறுவதுதான். விற்பவரின் ஏஜென்டாக இருந்து, வீட்டை நன்றாக விற்றுக் கொடுத்ததற்கு அதே விற்பவர் போனஸ் தந்தால் அது கூலி. வாங்குபவரின் ஏஜென்டாக இருந்து, வாங்குபவருக்குத் தெரிந்து விற்பவர் தரப்பிலிருந்து வந்தால் அது அனுமதிக்கப்பட்ட கூடுதல் வருமானம். அதே பணம் வாங்குபவருக்குத் தெரியாமல் வந்தால் அது ரகசியக் கமிஷன்.

ரகசியக் கமிஷனைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் இரண்டு வழக்குகள் போதும். 1903இல் தீர்ப்பான ஒன்றில், சொத்தை விற்றுத்தர அமர்த்தப்பட்ட ஏஜென்ட் தன் பார்ட்டியிடம் 50 பவுண்டு கமிஷன் எடுத்துக்கொண்டதோடு, வாங்கியவரிடமும் 20 பவுண்டு ரகசியமாக வாங்கினார். 20ஐ மட்டுமல்ல, 50ஐயும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு மான்டி கார்லோவின் ஒரு பெரிய ஹோட்டல் வாங்கியது பற்றியது. வாங்குபவர்களின் ஏஜென்ட், விற்றவரிடம் 1 கோடி யூரோ கமிஷன் பெற்றதை அவர்களிடம் சரியாகச் சொல்லவில்லை. அந்தப் பணம் ஏஜென்டுடையதே இல்லை, வாங்குபவர்களுக்காக அவர் கையில் இருந்த பணம் என்று நீதிமன்றம் சொன்னது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 216ஆவது பிரிவும் இதே திசைதான்: பார்ட்டிக்குத் தெரியாமல், அவருடைய வேலையில் ஏஜென்ட் தன் கணக்குக்கு வியாபாரம் செய்து அடைந்த ஆதாயத்தைப் பார்ட்டி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

1903 வழக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். போனஸை மறைத்தால் போவது போனஸ் மட்டும் அல்ல. உழைத்துச் சம்பாதித்த அடிப்படைக் கமிஷனும் சேர்ந்து போகிறது.

இரண்டு தரப்புக்கும் நீங்களே ஏஜென்ட் என்றால் போனஸ் பேச்சே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சில இடங்களில் எழுத்துச் சம்மதத்தோடு சட்டம் விடும். ஆனால் ஒரு பக்கத்துக்குச் சாதகமாக முடித்தால் தனிப் பணம் என்ற நிலையில் மறுபக்கத்துக்கும் விசுவாசமாக இருக்கிறேன் என்று சொன்னால், நம்புவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

3. பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்

போனஸ் அறிவிப்பு கண்ணில் பட்டதும் எதிர்த்தரப்பு ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதை யார் கொடுக்கிறார்கள்?"

விற்பவரே கொடுத்தால், அவர் கையெழுத்திட்ட ஒரு தாளைக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாமலேயே அவர் பெயரில் போனஸ் அறிவிப்பது நடக்கிற விஷயம்தான். கடைசி நாளில் கணக்குத் தாளில் 50,000 கழிந்திருப்பதைப் பார்த்து அவர் கத்தும்போது, பணத்தை எதிர்பார்த்து நிற்பவர் நீங்கள்.

விற்பவர் தரப்பு ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து கொடுத்தால், அவர் தன் பார்ட்டியிடம் சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். "என் பணம், என் இஷ்டம்" என்று பதில் வரலாம். பணம் அவருடையதுதான். ஆனால் தான் தரும் கமிஷனில் ஒரு பங்கு எதிர்த்தரப்பு ஏஜென்டுக்குப் போகிறது என்று அறிய விற்பவருக்கு உரிமை உண்டு. தெரிந்தால் "அப்படியானால் கமிஷனையே குறைத்துக்கொள்ளலாமே" என்று அவர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குப் பயந்து மறைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

கட்டுமான நிறுவனம் கொடுத்தால் அது அநேகமாக அடுக்குப் போனஸாக இருக்கும்: ஐந்து வீடு விற்றால் ஐந்துக்குமே கூடுதல். நான்கு வரை விற்றுவிட்ட ஏஜென்டின் கையில் வரும் அடுத்த பார்ட்டி பாவம். அவருக்குத் தேவை வேறு பகுதியாக இருந்தாலும் கார் அந்த வளாகத்துக்குத்தான் திரும்பும். அடுக்குப் போனஸில் இருப்பவர்கள், தாங்கள் எத்தனையாவது வீட்டில் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்ட்டியிடம் சொல்ல வேண்டும்.

கடன் கொடுக்கும் நிறுவனமோ சொத்து உரிமைக் காப்பீட்டு நிறுவனமோ கொடுத்தால் கதையே வேறு. வீடு வாங்கும்போது ஆகும் கடன், பதிவு நடைமுறைகளை ஒழுங்குபடுத்தும் அமெரிக்காவின் ரெஸ்பா சட்டத்தின் 8ஆவது பிரிவு ஏஜென்டுகள் தங்களுக்குள் கமிஷன் பிரித்துக்கொள்வதற்கு விலக்கு தருகிறது. பார்ட்டியை அனுப்பியதற்காகக் கடன் கொடுப்பவர் ஏஜென்டுக்குத் தரும் பணத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஏஜென்டிடமிருந்து ஏஜென்டுக்கு என்ற வட்டத்தைத் தாண்டிய பணத்தை இந்த வழிகாட்டியைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

விற்பவர் தரப்பில் இருந்து போனஸ் அறிவிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. அறிவிக்கும் முன் உங்கள் பார்ட்டியிடம் இரண்டு வழியையும் வையுங்கள்: 50,000 போனஸ், அல்லது விலையில் 50,000 குறைப்பு. விலைக் குறைப்பு வாங்குபவரை இழுக்கும், போனஸ் ஏஜென்டை இழுக்கும். வீடு விற்காததற்குக் காரணம் விலையா, யாரும் வந்து பார்க்காததா என்று தெரிந்த பிறகுதான் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். நிறையப் பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்றால் போனஸ் வீண் செலவு.

4. இழுவைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பார்ட்டியிடம் போகும் முன் உங்களுக்குள்ளேயே செய்ய வேண்டிய வேலை இது. ஐந்து நிமிடம் ஆகும்.

போனஸோடு இந்த வீட்டில் உங்கள் வருமானம் 2,10,000. போனஸ் இல்லாத ஒரு வீட்டில் அதே பணம் வர வேண்டுமென்றால் அதன் விலை 1,05,00,000 ஆக இருக்க வேண்டும். அதாவது, பார்ட்டி 25 லட்சம் கூடுதலாகச் செலவழித்தால் உங்களுக்கு என்ன கிடைக்குமோ, அது இந்த வீட்டைச் சும்மா தேர்ந்தெடுத்தாலே கிடைக்கிறது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். விற்பவரோடு மல்லுக்கட்டி 2,00,000 குறைத்தால் பார்ட்டிக்கு 2,00,000 லாபம்; உங்களுக்கு 4,000 நஷ்டம். போனஸ் இல்லாதபோது அந்த 4,000 யாரையும் கெடுக்காது. ஆனால் பேரம் முறிந்தால் 50,000 போய்விடும் என்ற நிலையில், "இதற்கு மேல் அவர் குறைக்க மாட்டார் சார்" என்று வாய் தானாகச் சொல்லும். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. கணக்கே சொல்ல வைக்கும்.

இந்த உதாரணத்தில் போனஸ், கமிஷனில் 31 சதவீதத்துக்குச் சற்று மேல். கால் பங்கைத் தாண்டும் எந்தப் போனஸுக்கும் வெறும் அறிவிப்பு போதாது, பார்ட்டியின் கையெழுத்தோடு கூடிய சம்மதம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது சட்டம் வகுத்த எல்லை அல்ல. வேலைக்கு உதவும் ஓர் அளவுகோல்.

5. போனஸை எழுத்தில் வாங்குங்கள்

இன்னும் பார்ட்டியிடம் சொல்லவில்லை. எழுத்து முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. "ஏதோ கூடுதலாகத் தருவார்களாம்" என்று பார்ட்டியிடம் சொன்னால் அது தகவலே அல்ல. தொகை தெரிந்தால்தான் அவரால் எடை போட முடியும்.

முதல் தகராறு எதன் மேல் சதவீதம் என்பதில் வரும். "1 சதவீதம் போனஸ்" என்று மட்டும் எழுதினால் விலையில் 1 சதவீதமா, கமிஷனில் 1 சதவீதமா? முதலாவது 80,000. இரண்டாவது 1,600. எழுதியவர் ஒன்றை நினைத்திருப்பார், படித்தவர் மற்றதை நினைத்திருப்பார். முடிந்தவரை சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணாகவே எழுதுங்கள்.

இரண்டாவது தகராறு "முடிந்தால்" என்ற சொல்லில். டோக்கன் கொடுத்தால் முடிந்ததா, அக்ரிமென்ட் போட்டாலா, பத்திரம் பதிவானாலா? போனஸ் சேர்வது பதிவன்று மட்டும் என்று வையுங்கள். அட்வான்ஸோடு போனஸ் சேர்ந்துவிட்டால், அதன்பிறகு பத்திரத்தில் வில்லங்கம் வந்தாலும் ஏஜென்டுக்கு ஆர்வம் குறைந்துவிடும்.

மூன்றாவது கெடு. கெடு வைத்த போனஸ்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 7ஆவது படியில் ஏன் என்று பார்ப்போம். கெடு இருந்தே ஆக வேண்டுமென்றால், ஆவணச் சரிபார்ப்பு, கட்டட ஆய்வு, கடன் ஒப்புதல் ஆகியவற்றால் ஆகும் தாமதத்துக்கு ஏற்பக் கெடு தானாகத் தள்ளிப்போகும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு மறுத்தால், அவர்களுக்கு வேண்டியது வாங்குபவரை யோசிக்க விடாமல் தள்ளும் ஓர் ஆள்.

ஒரு மாதிரி வாசகம்:

"மேற்கண்ட சொத்து, எந்த வாங்குபவர் தரப்பு ஏஜென்ட் மூலம் விற்றாலும், அந்த ஏஜென்டின் நிறுவனத்துக்கு வழக்கமான கமிஷனுக்கு மேல் 50,000 மட்டும், கிரயப் பத்திரம் பதிவாகும் நாளன்று, விற்பவரின் தொகையிலிருந்து வங்கி வழியாகச் செலுத்தப்படும். விற்பவர் இதை அறிந்து சம்மதித்துள்ளார். வாங்குபவரிடம் இதைத் தெரிவிக்க எந்தத் தடையும் இல்லை. பதிவு நடக்காவிட்டால் எந்தத் தரப்புக்கும் பாக்கி இல்லை."

"எந்த ஏஜென்ட் மூலம் விற்றாலும்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். தெரிந்த நான்கு பேருக்கு மட்டும் காதோடு காதாகச் சொன்ன போனஸ் நாளை விசாரணை என்று வந்தால் சலுகையாகத் தெரியாது, கூட்டுச்சதியாகத் தெரியும். "தெரிவிக்க எந்தத் தடையும் இல்லை" என்பது அதைவிட முக்கியம். அந்த வரியை எழுத எதிர்த்தரப்பு தயங்கினால் அத்தோடு விட்டுவிடலாம், அடுத்த படி தேவையில்லை.

6. வீட்டைக் காட்டும் முன் பார்ட்டியிடம் சொல்லுங்கள்

எல்லாப் படிகளும் இதற்காகத்தான். எப்போது சொல்வது என்ற கேள்விக்கு ஒரே பதில்: அந்த வீட்டைப் பற்றி முதன்முதலாக வாய் திறக்கும்போதே. வீட்டைப் பார்த்து, சமையலறை ஜன்னல் பிடித்துப்போய், எந்த அறை யாருக்கு என்று குடும்பத்தோடு பேசத் தொடங்கிய பிறகு சொன்னால் அவர் தலையாட்டத்தான் செய்வார். அந்தத் தலையாட்டல் சம்மதம் ஆகாது. நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் நெறிமுறையின் 7ஆவது பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பிடம் பணம் பெறுவதைச் சட்டமே அனுமதித்தாலும், எல்லாத் தரப்புக்கும் தெரிவித்து, தன் பார்ட்டியின் விவரமறிந்த சம்மதத்தைப் பெற்ற பிறகே பெறலாம் என்கிறது. "விவரமறிந்த" என்ற சொல்லுக்குத்தான் எடை.

நேரில் சொல்லுங்கள், பிறகு அதையே செய்தியாக அனுப்புங்கள். வெறும் செய்தி மட்டும் அனுப்பினால் படிக்கவில்லை என்பார்கள். வெறும் வாயால் சொன்னால் சொல்லவில்லை என்பார்கள்.

இப்படி எழுதலாம்: "ஐயா, நாளை பார்க்கப்போகும் மூன்று வீடுகளில் இரண்டாவது வீட்டுக்கு, விற்பவர் வாங்குபவர் தரப்பு ஏஜென்டுக்கு 50,000 போனஸ் அறிவித்திருக்கிறார். நீங்கள் அதை வாங்கினால் எனக்குக் கமிஷனுக்கு மேல் அது கிடைக்கும். மற்ற இரண்டு வீடுகளுக்கு அப்படி எதுவும் இல்லை. நான் அதைப் பெறலாமா, வேண்டாமா, அல்லது அதை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கட்டுமா என்று வீட்டைப் பார்க்கும் முன் சொல்லுங்கள்."

மூன்று வழியையும் நீங்களே சொல்ல வேண்டும். மூன்றாவது வழி பார்ட்டிக்குத் தானாகத் தோன்றாது. தோன்றினாலும் கேட்கக் கூச்சப்படுவார். அவர் அதைத் தேர்ந்தெடுத்தால் முகம் சுளிக்காமல் எதிர்த்தரப்பிடம் எடுத்துப்போங்கள். விற்பவருக்கு இரண்டும் ஒரே 50,000தான்.

இங்கே ஒரு பள்ளம். விலையில் குறைப்பது வேறு. போனஸை நீங்கள் வாங்கிப் பிறகு பார்ட்டியிடம் கையில் கொடுப்பது வேறு. ஏஜென்ட் கமிஷனில் ஒரு பகுதியை வாங்குபவருக்குத் திருப்பித் தருவதைச் சில இடங்களில் சட்டம் தடுக்கிறது. தடுக்காத இடத்திலும், பார்ட்டி கடன் எடுத்து வாங்கினால், பத்திரத்தில் ஒரு விலையும் கைக்குக் கை வேறு கணக்குமாக இருப்பது கடன் கொடுத்தவரை ஏமாற்றுவதாக முடியும். குறைப்பு எதுவானாலும் பத்திர விலையிலேயே தெரிய வேண்டும்.

பார்ட்டி "வேண்டாம், நீங்கள் வாங்காதீர்கள்" என்றால்? எதிர்த்தரப்புக்கு ஒரு வரி எழுதி மறுத்துவிடுங்கள். எழுதாமல் விட்டால் பதிவன்று காசோலை தயாராக வந்து நிற்கும், அப்போது மறுப்பது பத்து மடங்கு கடினம்.

7. காட்டும்போதும் பேரத்திலும் போனஸைத் தள்ளி வையுங்கள்

எந்தெந்த வீட்டை ஏன் காட்டினீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். வீட்டுக்கு ஒரு வரி போதும்: "வடக்குத் தெரு வீடு, பட்ஜெட்டைத் தாண்டியது, காட்டவில்லை." போனஸ் வீட்டைப் பார்ட்டி வாங்கிவிட்டால், நீங்கள் அவரை அங்கே தள்ளவில்லை என்று காட்ட வேறு ஆதாரம் இருக்காது. அன்றன்றே எழுதுங்கள். பிறகு உட்கார்ந்து எழுதியது பார்த்தாலே தெரியும்.

பேரம் தொடங்கிய பிறகு போனஸைக் கேட்காதீர்கள், கூட்டச் சொல்லாதீர்கள். "எனக்கு இன்னும் 20,000 சேர்த்தால் பார்ட்டியைச் சம்மதிக்க வைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் விற்றது தன் பார்ட்டியை. பார்ட்டியின் விலைச் சலுகையையே தன் கமிஷனைத் திருத்தும் கருவியாக ஏஜென்ட் பயன்படுத்தக் கூடாது. விற்பவர் தரப்பும் அதேபோல, ஆள் வந்து விலை சொன்ன பிறகு அறிவித்த போனஸை வாபஸ் வாங்கக் கூடாது.

கெடுவுக்கு வருவோம். போனஸ் கெடு மாதக் கடைசி. 28ஆம் தேதி கட்டட ஆய்வு அறிக்கை வருகிறது: பின்பக்கச் சுவரில் நீர்க்கசிவு, குளியலறைக் குழாய் எங்கோ உடைந்திருக்கலாம், ஒட்டுக்கல்லைப் பெயர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பார்ட்டி ஒரு வாரம் கேட்கிறார். அந்த ஒரு வாரத்தின் விலை உங்களுக்கு 50,000. இப்போது நீங்கள் சொல்லும் எந்த ஆலோசனையும், "இது சின்ன வேலைதான்" என்பது உண்மையாகவே இருந்தாலும், கறை படிந்ததுதான்.

செய்ய வேண்டியது இது. அன்றே பார்ட்டியிடம் மறுபடி சொல்லுங்கள்: "என் போனஸ் கெடு இன்னும் மூன்று நாளில் முடிகிறது, அதை மனதில் வைத்து என் பேச்சைக் கேளுங்கள்." கசிவைப் பற்றி நீங்கள் கருத்துச் சொல்லாமல், உங்களுக்கும் விற்பவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரைக் கேட்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பிடம் கெடு நீட்டிப்பு கேளுங்கள். 5ஆவது படியில் அந்த வரியைச் சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் 50,000 போகட்டும்.

8. பணம் கைமாறும் நாள்

நான்கு விஷயங்கள் சரியாக இருந்தால் போதும். பணம் தனிநபர் கணக்குக்கு வராமல் நிறுவனக் கணக்குக்கு வர வேண்டும். ரொக்கம் கூடாது. இறுதிக் கணக்குத் தாளில் "வாங்குபவர் தரப்பு ஏஜென்ட் போனஸ்" என்று தனி வரியாக இருக்க வேண்டும்; கமிஷனோடு சேர்த்து ஒரே தொகையாக எழுதினால், மறைக்க நினைக்காதவரும் மறைத்தவர்போல் ஆகிவிடுவார். நான்காவது, அந்தப் பணத்துக்கு ரசீதும் வரிக் கணக்கும்.

நிறுவனம் வழியாக வர வேண்டும் என்பதற்குக் காரணம் நம்பிக்கையின்மை அல்ல. போனஸைப் பற்றிப் பார்ட்டிக்குச் சொல்லப்பட்டதா, சம்மதக் கடிதம் இருக்கிறதா என்று உங்கள் மேலாளர் அந்த இடத்தில் ஒரு முறை பார்ப்பார். தவறு வெளியே போகும் முன் பிடிபடும் கடைசி இடம் அதுதான்.

பொருளாக வரும் போனஸுக்கும் இதே விதி. வெளிநாட்டுப் பயணம், போன், விருந்தினர் கூப்பன் எல்லாம் பணம்தான். அதன் மதிப்பை எண்ணாக எழுதிப் பார்ட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும். "பரிசுதானே" என்று விட்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் பணத்தை எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள்கூடப் பரிசை எழுதுவதில்லை.

உள்வீட்டுப் போனஸும் இதில் அடங்கும். தன் நிறுவனத்திலேயே பதிவான வீட்டை விற்றால் கூடுதல் பங்கு என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து வராததால் அதைப் போனஸ் என்றே யாரும் நினைப்பதில்லை. ஆனால் 4ஆவது படியின் கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும், 6ஆவது படியின் கடிதமும் அதற்குத் தேவை.

9. சொல்ல மறந்துவிட்டால்

அக்ரிமென்ட் போட்டாயிற்று, போனஸைப் பற்றிச் சொல்லவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. பதிவு நடக்கவில்லை என்றால் இன்னும் வழி உண்டு.

முதலில் உங்கள் நிறுவனத்திடம் சொல்லுங்கள், பிறகு அதே நாளில் பார்ட்டியிடம். தொகை, யார் கொடுப்பது, எப்போது தெரிந்தது, ஏன் சொல்லவில்லை என்ற நான்கையும் எழுத்தில் கொடுங்கள். "மறந்துவிட்டேன்" என்றால் மறந்துவிட்டேன் என்றே எழுதுங்கள். "சொன்னதாக நினைத்தேன்" என்பது யாரையும் சமாதானப்படுத்தாது. கூடவே அந்தப் போனஸை நீங்கள் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, அதை என்ன செய்வது என்று அவர் முடிவு செய்யலாம் என்றும் எழுதுங்கள். தாமதமாகச் சொல்லிவிட்டுப் பணத்தையும் கேட்டால், சொன்னது பணத்துக்காகத்தான் என்று ஆகிவிடும்.

வேறொரு வழக்கறிஞரையோ ஏஜென்டையோ கலந்துகொள்ள அவர் விரும்பினால் அதற்கு நாள் கொடுங்கள். எதிர்த்தரப்பிடம் பதிவுத் தேதியைத் தள்ளிக் கேட்பதும் உங்கள் வேலை.

பதிவு முடிந்து பணமும் வாங்கியாயிற்று என்றால், பணத்தைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, பார்ட்டிக்கு எழுதும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அடிப்படைக் கமிஷனும் கேள்விக்குள்ளாகலாம் என்பதால் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் விளைவு உண்டு. ஆனால் அந்தச் சந்திப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பார்ட்டி இதை வேறு யார் வாயிலிருந்தாவது கேட்டுவிட்டால் அந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.